மிச்சக் கயிறு

பாரதியின் புதுச்சேரி வாழ்க்கை என்றதும் நமக்கு இரண்டு காட்சிகள்தான் நினைவுக்கு வரும். ஒன்றில் அவர் சமையலுக்கு வைத்திருந்த அரிசியை முற்றத்துக் குருவிகளுக்கு இறைத்துவிட்டுச் சிரிக்கிறார். இன்னொன்றில் ஸ்ரீ அரவிந்தரோடு உட்கார்ந்து வேதம் படிக்கிறார். இரண்டுமே கற்பனை இல்லை. ஆனால் இந்த இரண்டையும் மட்டும் வைத்துக்கொண்டு அந்தப் பத்து வருடத்தையும் ஒரு வாட்ஸப் ஸ்டேட்டஸாக மாற்றிவிட்டோம்: எவ்வளவு கஷ்டம் வந்தாலும் சந்தோஷமாக இரு, எல்லாவற்றிலும் தெய்வத்தைப் பார். சொல்வதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. நிஜமான கஷ்டத்தில் இருப்பவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், என்ன நடக்கிறது என்று தெரியும்.

கஷ்ட காலத்துக்கு அர்த்தம் உண்டா, அன்றாட வாழ்க்கையில் ஆன்மிகம் என்று ஒன்று இருக்கிறதா என்ற கேள்விகளுக்குப் பாரதியிடம் இதைவிட நேர்மையான பதில் இருக்கிறது. அது அவருடைய புகழ்பெற்ற வரிகளில் இல்லை. காற்றைப் பற்றி அவர் எழுதிய மூன்று சிறிய எழுத்துகளில் இருக்கிறது: 'புயற் காற்று', 'பிழைத்த தென்னந்தோப்பு' என்ற இரண்டு கவிதைகள், வசன கவிதையில் 'காற்று' என்ற பகுதி. இந்த வரிசை கால வரிசை இல்லை. படிக்க வசதியாக நான் வைத்துக்கொண்ட வரிசை.

முதலில் அந்தக் காலம். 'இந்தியா' பத்திரிகையின் மீது வழக்கு வந்தபோது, 1908இல், பாரதி சென்னையிலிருந்து பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரிக்கு வந்தார். பத்திரிகையும் பின்னாலேயே வந்தது. 1910இல் அது நின்றுபோனது. எழுதுவதைத் தவிர வேறு வேலை தெரியாத ஒருவருக்கு எழுதும் இடம் இல்லாமல் போயிற்று. தெருவில் பிரிட்டிஷ் உளவாளிகள். எல்லையைத் தாண்டினால் கைது. 1918 நவம்பரில் தாண்டினார், கடலூர் அருகே கைதும் ஆனார். இடையில் பத்து வருடம், இரண்டு பெண் குழந்தைகள், வாடகை வீடு. பாஞ்சாலி சபதமும் கண்ணன் பாட்டும் குயில் பாட்டும் கீதை மொழிபெயர்ப்பும் இந்தக் காலத்தில்தான் வந்தன. அதைச் சொல்லி, 'பார்த்தீர்களா, கஷ்டம்தான் கவிதையைக் கொடுத்தது' என்று முடித்துவிடுவது ரொம்ப சுலபம். வாடகை பாக்கிக்கும் குயில் பாட்டுக்கும் நடுவே ஒரு காரண காரியக் கோடு போடுவது கஷ்டத்துக்குச் செய்யும் விளம்பரம் என்று எனக்குப் படுகிறது.

இனி, புயல். 1916 நவம்பர் 22 இரவு புதுச்சேரியைப் பெரும் புயல் தாக்கியது. 'புயற் காற்று' கவிதையின் மேலேயே பாரதி அதைக் குறித்துவைத்திருக்கிறார்: நள வருடம், கார்த்திகை 8, புதன்கிழமை, இரவு ஒரு மணி. எங்கள் தொழிலில் இதை டைம்ஸ்டாம்ப் என்போம். எதுவாவது உடைந்துபோனால் முதலில் அதைத்தான் தேடுவோம். பராசக்தியைப் பற்றி இத்தனை பாடிய கவிஞர் இந்த ஒரு கவிதைக்கு மணிக்கணக்கு வைத்திருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது. இது தத்துவமாகப் பேசப்பட்ட புயல் இல்லை, அந்த ராத்திரியின் புயல்.

கவிதை சின்னது. கணவனும் மனைவியும் பேசிக்கொள்கிறார்கள். மனைவி முதலில் விழித்துக் கணவனை எழுப்புகிறாள். கடல் குமுறுகிறது, சாரல் கதவையும் சன்னலையும் துளைத்துக்கொண்டு படுக்கைவரை வருகிறது. கணவன் எழுந்து பராசக்தியைக் கூப்பிடுகிறான், குழந்தைகளைத் துன்பப்படாமல் காக்கச் சொல்கிறான். கடைசியில் மறுபடி மனைவி பேசுகிறாள். நேற்றுவரை நாம் இருந்த வீட்டில் இந்த நேரத்தில் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கிறாள். காற்றின் உருவத்தில் எமன் வந்திருக்கிறான், நம்மைக் காப்பாற்றியது தெய்வம்தான் என்கிறாள். அதோடு கவிதை முடிகிறது.

கவனித்தால், அர்த்தம் சொல்லும் வேலை இங்கே மனைவியிடம் இருக்கிறது. கணவன் வேண்டிக்கொள்கிறான். மனைவிதான் கணக்குப் போடுகிறாள்: அந்த வீடு, இந்த வீடு, ஒரு நாள் வித்தியாசம், ஆகவே தெய்வம். யார் வீட்டிலும் புயல் முடிந்த காலையில் கேட்கக்கூடிய பேச்சுதான் இது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் எங்கள் ஊருக்கும் கடலூருக்கும் நடுவே கரையைக் கடந்தபோது நான் இஞ்சினியரிங் இரண்டாம் வருடம். மறுநாள் எதிர்வீட்டு அத்தை, விழுந்த மரம் தன் வீட்டுச் சுவருக்கு ஒரு முழம் தள்ளி விழுந்ததைக் காட்டி, "சாமிதான்டா காப்பாத்துச்சு" என்றது. பின்தெருவில் இரண்டு கூரை வீடுகளின் கூரை போயிருந்தது. அந்தச் சாமி பின்தெருவுக்கு ஏன் போகவில்லை என்று அந்த வயதில் எனக்குக் கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அத்தையிடம் பதில் இருந்திருக்காது. அது சொன்னது பதில் இல்லையே, பெருமூச்சு.

பெருமூச்சைக் கோட்பாடாக மாற்றும்போதுதான் சிக்கல் வருகிறது. தப்பித்தவர் 'தெய்வம் காத்தது' என்று சொல்வது ஒரு விஷயம். தப்பாதவரிடம் போய் 'எல்லாம் ஒரு காரணத்துக்காகத்தான்' என்று சொல்வது வேறு விஷயம். 2021 மே மாதம் அப்பா போன பிறகு எனக்கு வந்த மெசேஜ்களில் பாதிக்கு மேல் இரண்டாவது வகை. நடந்ததும் நடப்பதும் நடக்கப்போவதும் எல்லாம் நல்லதுக்கே என்கிற அந்தக் காலண்டர் 'கீதாசாரம்' மட்டும் நான்கு பேரிடமிருந்து வந்தது. கீதையில் அப்படி ஒரு சுலோகம் கிடையாது. பாரதி இதே ஊரில் உட்கார்ந்து கீதையைத் தமிழாக்கி நீண்ட முன்னுரையும் எழுதியிருக்கிறார். அதிலும் தேடினேன், இல்லை. அனுப்பியவர்கள் அன்பில்தான் அனுப்பினார்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த வாசகம் ஒரு வேலை செய்கிறது. அனுப்புகிறவருக்கு என்ன பேசுவது என்று தெரியாத சங்கடத்தை அது தீர்த்துவைக்கிறது. பெறுகிறவருக்கு அழக்கூட ஒரு தடை போட்டுவிடுகிறது.

இந்தச் சண்டை பழையது. 1755 நவம்பர் 1, சகல புனிதர்கள் திருநாள் அன்று, ஜனங்கள் தேவாலயங்களில் கூடியிருந்த நேரத்தில் லிஸ்பன் நகரை நிலநடுக்கம் சிதைத்தது. கடவுள் படைத்த உலகில் எல்லாம் நன்மைக்கே என்று தத்துவம் பேசியவர்கள் மீது வோல்தேர் கோபப்பட்டு ஒரு நீண்ட கவிதை எழுதினார். ரூஸோ 1756இல் அவருக்கு எழுதிய பதில் கடிதத்தில் ஒரு விஷயம் எனக்கு எப்போதும் வியப்பு. ஆறேழு மாடி வைத்து இருபதாயிரம் வீடுகளை ஒரே இடத்தில் நெருக்கிக் கட்டியது இயற்கை இல்லை, மனிதர்கள் என்று ரூஸோ சுட்டிக்காட்டுகிறார். இருவரும் கடவுளைப் பற்றி வாதாடிக்கொண்டிருக்கும்போது பேச்சு திடீரென்று கட்டடத்துக்கு வந்துவிடுகிறது. ஏறக்குறைய இதே திருப்பம் பாரதியிடமும் உண்டு. அதற்கு முன் தென்னந்தோப்பைப் பார்த்துவிடுவோம்.

'பிழைத்த தென்னந்தோப்பு' புயலுக்குப் பிந்தைய கவிதை. பேசுகிறவர் ஆறுதல் தேடித் தனியாக வயல்பக்கம் போகிறார். ஊரெங்கும் மரங்கள் நாற்றுப்போலச் சிதறிக் கிடக்கின்றன, கணக்கில்லை. ஒரு சிறிய மேட்டில் ஒரு தென்னந்தோப்பு மட்டும் நிற்கிறது. அது ஓர் ஏழையின் தோப்பு. காற்று அதைப் பொறுத்துவிட்டது என்கிறார். வெயில் வருகிறது. நிற்கும் மரங்களின் நடுவே கொஞ்சம் நிழலில் உட்கார்கிறார். கவிதையில் நிலைத்த இன்பம் இருப்பதை அங்கே அறிந்துகொள்கிறார்.

முதலில் படித்தபோது இதுவும் எதிர்வீட்டு அத்தையின் வாக்கியம் போலத்தான் தெரிந்தது. ஏழைக்குத் தெய்வம் துணை, அவ்வளவுதானே என்று கடந்துவிட்டேன். திரும்பப் படிக்கும்போது ஒரு சின்ன விவரம் தடுத்தது. பிழைத்த தோப்பிலும் சில மரங்கள் விழுந்திருக்கின்றன. பாரதி அதை மறைக்கவில்லை. சில விழுந்தன, பல மிஞ்சின என்று இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைக்கிறார். அற்புதக் கதை சொல்ல நினைப்பவர் அந்த விழுந்த மரங்களை விட்டுவிடுவார், கதைக்கு அவை இடைஞ்சல். ஓர் ஏழைக்கு ஒரு தென்னை விழுவது ஒரு வருமானம் விழுவது. பாரதிக்கு அது தெரிந்திருக்கிறது.

இரண்டாவது விவரம் இன்னும் முக்கியமானது. காற்று ஏன் அந்தத் தோப்பை விட்டது என்று அவர் நீட்டி விளக்கவில்லை. அது வாழ்ந்திருக்கட்டும் என்று காற்று பொறுத்துக்கொண்டது என்ற அளவில் நிறுத்திவிட்டு, உட்காரப் போய்விடுகிறார். கவிதையின் பிற்பாதி முழுக்க அந்த உட்கார்தல்தான்: தனிமை, பனியைப் போக்கும் வெயில், நிழல். புயலின் காரணத்தைக் கண்டுபிடித்ததால் வந்த ஆறுதல் இல்லை இது. மிஞ்சிய மரத்தின் அடியில் போய் உட்கார்ந்ததால் வந்தது. துக்கத்தில் இருப்பவர்களுக்கு இந்த வித்தியாசம் தெரியும். 'ஏன்' என்ற கேள்வி அப்படியே கிடக்கும். ஆனால் ஏதோ ஒரு மாலையில் டீ குடிக்க முடியும். அப்பா போன அந்த வருடம் எனக்குக் கிடைத்த ஆறுதல் எல்லாம் இந்த அளவுதான். அதற்கு ஆன்மிகம் என்று பெயர் வைக்கலாமா என்று அப்போது யோசித்ததில்லை. இந்தக் கவிதையைப் படித்த பிறகு வைக்கலாம் என்று தோன்றுகிறது.

மூன்றாவது, வசன கவிதையில் வரும் 'காற்று'. என் கணிப்பில் இந்த மூன்றில் பெரிய எழுத்து இதுதான். ஒரு வீட்டு மாடியில் ஓலைப்பந்தல். மூங்கில் கழிகளைக் கயிற்றால் கட்டி, மேலே தென்னங்கிடுகு பரப்பியிருக்கிறது. கட்டியது போக ஒரு கழியில் ஒரு சாண் கயிறு தொங்குகிறது, பக்கத்தில் முக்கால் சாணுக்கு இன்னொன்று. பாரதி அவற்றுக்குக் கந்தன், வள்ளியம்மை என்று பெயர் வைக்கிறார். இரண்டும் கணவன் மனைவி. காற்றில் உரசுகின்றன, விலகுகின்றன, கொஞ்சுகின்றன. அவர் அவற்றோடு பேசுகிறார். பிறகு காற்று நிற்கிறது, கயிறுகள் அசைவற்றுப் போகின்றன. அப்போதுதான் வாயு தேவன் வருகிறான். உயிர் என்றால் நான்தான், நான் போனால் எல்லாம் வெறும் பொருள் என்று தெரியவைக்கிறான். தைத்திரீய உபநிடதத்தின் தொடக்க வணக்கம் வாயுவைக் கண்ணெதிரே இருக்கும் பிரம்மம் என்று அழைக்கிறது. பாரதியின் வாயு அந்த வழியில் வந்தவன்தான். ஆனால் வந்து இறங்குவது யாக சாலையில் இல்லை. கட்டி முடித்த பிறகு வெட்டி எறியாமல் விட்ட மிச்சக் கயிற்றில்.

நம் ஊரில் ஆன்மிகம் தேடி வருகிறவர்களை தினமும் பார்க்கிறேன். அவர்களுக்கு மௌனம் வேண்டும், கடல் பார்த்த அறை வேண்டும். அதில் தவறு ஒன்றும் இல்லை. பாரதியின் மாடியில் அந்த ஏற்பாடு எதுவும் இல்லை என்பதை மட்டும் சொல்கிறேன். ஒரு பொருளைப் பெயர் வைத்துக் கூப்பிடும் அளவுக்கு நேரம் எடுத்துப் பார்ப்பதுதான் அங்கே நடக்கும் தியானம். வேலை இல்லாத மனிதருக்கு நேரம் இருந்தது, அதை அவர் கயிற்றுக்குக் கொடுத்தார் என்றும் சொல்லலாம். கஷ்ட காலம் தரும் ஒரே உபரி அந்த நேரம்தான். அதுவும் எல்லோருக்கும் கிடைப்பதில்லை. இதற்குப் பிறகு வருகிறேன்.

'காற்று' பகுதியிலேயே இன்னோர் இடம் இருக்கிறது. அங்கே காற்றை வரவேற்கிறார், ஆனால் நிபந்தனையோடு. மெதுவாக வரச் சொல்கிறார். சன்னல் கதவை உடைக்காதே, காகிதங்களை வீசாதே, அலமாரிப் புத்தகங்களைத் தள்ளாதே என்று ஒரு பட்டியல் போடுகிறார். சொல்லி முடிப்பதற்குள் காற்று தள்ளிவிடுகிறது, ஏடுகளைக் கிழிக்கிறது, மழையையும் கூட்டிவருகிறது. உடனே திட்டு விழுகிறது. வலிமை இல்லாதவற்றைத் துன்புறுத்தி வேடிக்கை பார்ப்பதில் நீ கெட்டிக்காரன் என்கிற தொனியில் தேவனையே குற்றம் சாட்டுகிறார். நொய்ந்த வீடு, நொய்ந்த கதவு, நொய்ந்த உடல், நொய்ந்த மனம் எல்லாவற்றையும் காற்று நொறுக்கும், சொன்னாலும் கேட்காது. அடுத்து ஒரு 'ஆதலால்' வருகிறது. அந்தச் சொல்லுக்குப் பிறகு நாம் எதிர்பார்ப்பது சரணாகதி. பாரதி மனிதர்களை அழைத்து வீட்டை உறுதியாகக் கட்டுவோம், கதவை வலுவாகப் பொருத்துவோம், உடலையும் மனத்தையும் பழக்குவோம் என்கிறார். அப்படிச் செய்தால் காற்று நண்பனாகிவிடுவான். சிறு தீயை அணைக்கும் அதே காற்றுதான் பெருந்தீயை வளர்க்கிறது.

இந்த 'ஆதலால்'தான் மூன்று எழுத்துகளையும் சேர்த்துப் படிக்க எனக்குச் சாவி. பிரார்த்தனை, புகார், பிறகு கொத்துவேலை. ஒன்று வந்ததும் மற்றது ரத்தாகவில்லை. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகில் கரையேறி நகராமல் நின்றது. 24 மணி நேரத்தில் 45 சென்டிமீட்டருக்கும் அதிகமாக மழை கொட்டியது. ரெயின்போ நகரும் கிருஷ்ணா நகரும் தண்ணீரில் நின்றன, ஜனங்களைப் படகில் மீட்டார்கள். அந்த மழைக்கு என்ன அர்த்தம் என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. வாய்க்கால் எங்கே அடைந்தது, தாழ்ந்த நிலத்தில் எதைக் கட்டினோம் என்று கேட்டால் பதில் கிடைக்கும். பாரதி இரண்டாவது கேள்வியையும் ஆன்மிகத்துக்குள்ளேயே வைத்துக்கொள்கிறார். தேவனோடு சிநேகம் வேண்டுமென்றால் கதவைச் சரிசெய் என்கிறார்.

ஒரு நியாயமான ஆட்சேபம் உண்டு. நொய்ந்ததைக் காற்று நொறுக்கும், ஆகவே உறுதியாகக் கட்டு என்பது உடைந்துபோனவர்களையே குற்றவாளியாக்கும் பேச்சு இல்லையா? கூரை வீட்டுக்காரர் வேண்டுமென்றா கூரை வீட்டில் இருக்கிறார்? இந்த ஆபத்து அந்த வரிகளில் இருக்கிறது. தனியாகப் பிய்த்து எடுத்தால் அதுவும் ஜிம் சுவரில் ஒட்டும் வாசகமாகிவிடும். காப்பாற்றுவது இரண்டு விஷயங்கள். அவர் அழைப்பது ஒருவரை இல்லை, மனிதர்களை. கட்டுவது பன்மையில் நடக்கும் வேலை. இன்னொன்று, சாட்சிக்கு அந்த ஏழையின் தோப்பு இருக்கிறது. அது உறுதியால் பிழைத்தது என்று பாரதி எங்கும் சொல்லவில்லை.

நேரத்தைப் பற்றிச் சொல்ல வருகிறேன் என்றேனே. பாரதிக்குக் கயிற்றைப் பார்க்க நேரம் இருந்தது. அந்த நேரத்தில் அடுப்படியில் இருந்தது யார்? செல்லம்மா பாரதி 1951இல் திருச்சி வானொலியில் 'என் கணவர்' என்ற தலைப்பில் பேசினார். கவிஞனுக்கு மனைவியாக இருப்பது கஷ்டம் என்பதை அவர் அதில் ஒளிக்கவில்லை. ஏகாந்தம் மனிதருக்குத் தேவைதான், ஆனால் வருடம் முழுக்க முனிவர் மாதிரி ஒருவர் வீட்டில் இருந்தால் மனைவிக்கு எப்படி இருக்கும் என்ற பொருளில் கேட்கிறார். அன்பும் பெருமையும் நிறைந்த பேச்சுதான் அது. ஆனால் அந்தக் கேள்வி அதில் இருக்கிறது. பெண் விடுதலையைப் பாடிய பாரதியே கயிறு சில சமயம் முகத்தைத் தூக்கிக்கொள்ளும் என்று எழுதும்போது போகிறபோக்கில் பெண்களை உவமையாக்கிவிடுகிறார். வள்ளியம்மைக் கயிற்றின் மனநிலையை இவ்வளவு நுட்பமாகப் படித்தவர் வீட்டில் அதே பாடத்தைப் படித்தாரா என்று கேட்காமல் இந்தப் பகுதியை ரசிக்க என்னால் முடியவில்லை.

குருவிக் கதையை நாம் சொல்லும் விதத்திலும் இந்தக் கோளாறு இருக்கிறது. குருவி தின்றதும் கவிஞர் மகிழ்ந்ததும் கதையின் உச்சம். அடுத்த வேளைக்கு அரிசி எங்கிருந்து வந்தது என்பது கதையில் வராது. யாரோ ஒருவர் அதைத் தேடிக் கொண்டுவந்திருக்க வேண்டும். அன்றாடத்தில் தெய்வத்தைப் பார்ப்பவர்கள் இருந்தால் அன்றாடத்தை நடத்திக்கொண்டு போக இன்னொருவர் இருக்கிறார். இன்றைக்கும் வார இறுதி தியான முகாமுக்குப் போகிறவர்களின் வீட்டில் குழந்தையை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று விசாரித்தால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்.

இதனால் அந்த எழுத்துகள் சிறுத்துவிடவில்லை. 'புயற் காற்று' கவிதையை நான் வேறு மாதிரி படிக்க ஆரம்பித்தேன், அவ்வளவுதான். அதில் முதலில் விழிப்பவள் மனைவி. வீட்டுக் கணக்கைப் போடுகிறவளும் அவள்தான். பாரதி தன் கவிதையின் தொடக்கத்தையும் முடிவையும் அவளுக்குக் கொடுத்திருக்கிறார். தெரிந்து கொடுத்தாரோ தெரியாமல் கொடுத்தாரோ, அந்த இரவின் நிஜம் அதில் பதிவாகிவிட்டது. காற்று வீசி எறிந்த காகிதங்களின் கதையும் இப்படித்தான். 1921இல் பாரதி இறந்த மறுவருடமே, 'பாரதி ஆச்சிரமம்' என்ற பெயரில் 'சுதேச கீதங்கள்' நூலை வெளிக்கொண்டுவந்தவர் செல்லம்மா. உறுதியாகக் கட்டுவோம் என்ற அழைப்பைக் கேட்டுக் கட்டியவர் என்று ஒருவரைச் சொல்லவேண்டுமானால் நான் அவரைச் சொல்வேன்.

இந்த மூன்றையும் ஒரே மாலையில் படித்துவிடலாம். படித்தால் கஷ்டத்துக்கு அர்த்தம் கிடைத்துவிடும் என்று நான் உத்தரவாதம் தரமாட்டேன். பாரதியே தரவில்லை. தப்பித்தவளின் நன்றியை எழுதினார், மிஞ்சிய நிழலில் உட்கார்ந்ததை எழுதினார், தேவனோடு சண்டை போட்டுவிட்டு வீடு கட்டக் கூப்பிட்டதை எழுதினார். இந்த வரிசையில் எதையும் தாண்டிப் போகாமல் படிப்பது நல்லது. எனக்கு ஒரு கூடுதல் பிரியமும் உண்டு. புயலில் தென்னை விழுந்தால் எங்கள் பக்கத்தில் அதை அப்படியே விட்டுவிட மாட்டார்கள். மட்டையை வெட்டி, கிழித்து, ஊறவைத்து, கிடுகு பின்னுவார்கள். அந்த ஏழையின் தோப்பில் விழுந்த சில மரங்களின் ஓலையும் அப்படி யாரோ ஒருவர் வீட்டு மாடிக்குப் பந்தலாகப் போயிருக்கும். கட்டி முடித்ததும் ஒரு சாண் கயிறு மிஞ்சியிருக்கும்.